ஒரே கோப்பிலிருந்த லிஸ்ப் நிரலைப் பிரித்தபோது கம்பைலர் சொன்னவை

நூல் இரவல் பதிவேட்டுக்காக, ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பியின் மொழியில் நான் எழுதிப் பயன்படுத்திவரும் ஈமேக்ஸ் லிஸ்ப் நிரல் ஒரே கோப்பாக வளர்ந்து மூவாயிரம் வரிகளைத் தாண்டிவிட்டதால், அதை ஐந்து கோப்புகளாகப் பிரித்தேன். உறுப்பினர், நூல், இரவல் ஆகியவற்றின் கட்டமைப்புகளும் பொது மாறிகளும் அடிப்படைக் கோப்புக்குச் சென்றன. வட்டில் எழுதுவதும் படிப்பதும் சேமிப்புக் கோப்புக்கும், தவணை கடந்த நூல்களைக் கணக்கிட்டு அச்சிடுவது அறிக்கைக் கோப்புக்கும், பட்டியலைக் காட்டும் பகுதி திரைக் கோப்புக்கும், பயனர் நேரடியாக அழைக்கும் கட்டளைகள் முதன்மைக் கோப்புக்கும் போயின. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, இருந்த இடம்தான் மாறியது. ஆயினும் அதுவரை ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் கம்பைல் ஆகிவந்த நிரல், பிரித்தவுடன் திரை கொள்ளாத அளவுக்கு எச்சரிக்கைகளைக் கொடுத்தது. அவற்றைத் தீர்த்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அந்த எச்சரிக்கைகளில் சில வெறும் தகவல், சில நிரலையே தவறாக ஓடவைக்கும் பிழை. இரண்டையும் பிரித்தறியாமல் ஒரே மருந்தைக் கொடுப்பது ஆபத்தானது என்பதே இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டது.

முதல் வெட்டில் எந்தக் கோப்பிலும் ரிக்வயர் வரி (இன்னொரு கோப்பை ஏற்றச் சொல்லும் வரி) எழுதாமல் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். முதன்மைக் கோப்பு மட்டும் மற்ற நான்கையும் வரிசையாக ஏற்றிக்கொள்ளும்படி அமைத்தேன். அப்படி விட்டால், எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்ற பட்டியலைக் கம்பைலரே தயாரித்துக் கொடுத்துவிடும். கைப்பட வரைந்த சார்புப் படத்தில் விடுபட்டுப்போகும் இணைப்புகள் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் தப்புவதில்லை.

ஆனால் அந்தப் பட்டியல் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால், கம்பைல் செய்யும் சூழல் வெறுமையாக இருக்க வேண்டும். நிரலைப் பைட்கோடு என்ற இடைநிலை வடிவுக்கு மொழிபெயர்க்கும் ஈமேக்ஸின் பைட் கம்பைலர், ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) தெரிந்ததா தெரியாததா என்று முடிவு செய்யும்போது, கோப்பில் உள்ளதை மட்டும் பார்ப்பதில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும் ஈமேக்ஸில் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே வரையறை இருக்கிறதா என்றும் பார்க்கிறது. நாள் முழுதும் நம் நிரல் ஏற்றப்பட்டு ஓடும் ஈமேக்ஸிலேயே கம்பைல் செய்தால், எல்லாப் பெயர்களும் அங்கே இருப்பதால் எந்தக் குறையும் வெளியே வராது. ஆகவே கட்டளை வரியிலிருந்து, பயனர் அமைப்புகள் எதையும் படிக்காத க்யூ விருப்பத்தோடும், திரை இல்லாமல் ஓடும் பேட்ச் விருப்பத்தோடும் புதிய ஈமேக்ஸைத் தொடங்கி, அதில்தான் கம்பைல் செய்ய வேண்டும். ஐந்து கோப்புகளையும் ஒரே அழைப்பில் கொடுக்காமல், ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஈமேக்ஸ் தொடங்குவதும் முக்கியம். முதல் கோப்பில் உள்ள ரிக்வயர், ஒரு நூலகத்தை அந்த ஈமேக்ஸுக்குள் ஏற்றிவிட்டால், அதே நூலகத்தை நம்பியிருந்தும் கேட்காமல் விட்ட இரண்டாம் கோப்பின் குறை மறைந்துபோகும். கோப்புகளின் அகரவரிசையைப் பொறுத்து எச்சரிக்கை வருவதும் வராமல் போவதும் அதனால்தான்.

2022 ஏப்ரலில் வெளிவந்த ஈமேக்ஸ் 28 முதல் இந்த ஒழுங்கு கூடுதல் அவசியமாகிவிட்டது. அந்தப் பதிப்பில் சேர்ந்த, இயந்திர மொழிக்கே மாற்றும் நேட்டிவ் கம்பைலர், பயனரின் கணினியில் ஒவ்வொரு கோப்பையும் பின்னணியில் தனி ஈமேக்ஸ் கொண்டு கம்பைல் செய்கிறது. நாம் கேட்காமல் விட்ட ரிக்வயர் அங்கே எச்சரிக்கையாக வெடித்து, நிரலை எழுதியவரின் திரையில் தோன்றாமல், பயன்படுத்துபவரின் திரையில் வந்து நிற்கிறது.

இப்போது எச்சரிக்கைகளுக்கு வருகிறேன். எண்ணிக்கையில் மிகுந்தது, 'இந்தச் செயற்கூறு வரையறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை' என்ற வகை. ஒரே கோப்பாக இருந்தபோது செயற்கூறுகளின் வரிசை ஒரு பொருட்டே இல்லை. கம்பைலர் தெரியாத பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டு, கோப்பின் முடிவுக்கு வந்தபின்தான் எவை இன்னமும் தெரியாதவை என்று சொல்கிறது. கோப்பு பிரிந்தபோது அந்த 'முடிவு' முன்னதாகவே வந்துவிடுகிறது. (லிஸ்பின் இன்னொரு வகையான காமன் லிஸ்ப் எழுதுபவர்களுக்கு இதற்கென ஒரு வசதி உண்டு. 1994-இன் ஆன்சி தரத்திலேயே உள்ள வித்-கம்பைலேஷன்-யூனிட் என்ற மேக்ரோவுக்குள் (மேக்ரோ என்பது கம்பைல் நேரத்தில் வேறு நிரலாக விரியும் வடிவம்) பல கோப்புகளைக் கம்பைல் செய்தால், தெரியாத செயற்கூறுகள் பற்றிய எச்சரிக்கைகள் எல்லாக் கோப்புகளும் முடியும்வரை தள்ளிவைக்கப்படலாம்.) இந்த வகை எச்சரிக்கையால் நிரல் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை, ஓடும் நேரத்தில் அந்தச் செயற்கூறு ஏற்றப்பட்டிருந்தால் அழைப்பு ஒழுங்காக நடக்கும். நேரடியான தீர்வு, வரையறை உள்ள கோப்பின் இறுதியில், அந்தக் கோப்பு ஏறிவிட்டது என்று அறிவிக்கும் ப்ரொவைட் எழுதி, பயன்படுத்தும் கோப்பின் தலையில் ரிக்வயர் எழுதுவது. கோப்பின் மேல்மட்டத்தில் இருக்கும் ரிக்வயரைக் கம்பைலர் கம்பைல் நேரத்திலேயே நிறைவேற்றிவிடுகிறது. செயற்கூற்றின் உடலுக்குள் இருக்கும் ரிக்வயரை அது நிறைவேற்றுவதில்லை. ஆகவே 'உள்ளே ரிக்வயர் போட்டிருக்கிறேனே, ஏன் இன்னும் எச்சரிக்கை' என்ற கேள்விக்கு இடமில்லை.

இதன் நெருங்கிய உறவு, 'ஓடும் நேரத்தில் வரையறுக்கப்பட்டிருக்காமல் போகலாம்' என்ற இன்னொரு எச்சரிக்கை. ரிக்வயரை எவால்-வென்-கம்பைல் என்பதற்குள் வைத்திருந்தால் அது வரும். கம்பைல் நேரத்தில் மட்டும் அந்த நூலகத்தை ஏற்றச் சொல்லிவிட்டு, அதிலுள்ள செயற்கூற்றை ஓடும் நேரத்தில் அழைக்கிறோம் என்பதைக் கம்பைலர் சரியாகவே கண்டுபிடிக்கிறது. மேக்ரோக்கள் மட்டும் தேவைப்படும்போது எவால்-வென்-கம்பைல் போதும். ஆனால் அந்த மேக்ரோ விரிந்தபின் அதே கோப்பிலுள்ள ஏதாவது துணைச் செயற்கூற்றை அழைக்குமானால் போதாது. என் சேமிப்பு மேக்ரோக்கள் அத்தனையும் இரண்டாம் வகை என்பதால், முழு ரிக்வயரே எழுதினேன்.

மாறிகளின் கதை வேறு. இங்கேதான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. அறிவிப்பு எதுவும் தென்படாத மாறிக்கு வரும் 'கட்டுறாத மாறி' என்ற எச்சரிக்கை வந்தால் நல்லது. பெயர் சொல்லி வருகிறது, அடிப்படைக் கோப்பை ரிக்வயர் செய்தால் தீர்ந்துவிடுகிறது. ஒரு மாறி ஒரு கோப்பில் பல இடங்களில் வந்தாலும் கம்பைலர் ஒரு முறைதான் சொல்லும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அஞ்ச வேண்டியது, அந்த எச்சரிக்கை வராத இடத்தைப் பார்த்துத்தான்.

என் நிரலில் 'இன்றைய தேதி' என்று ஒரு பொது மாறி உண்டு. தவணை கடந்தவற்றைக் கணக்கிடும் செயற்கூறு அதைப் பார்த்துத்தான் எந்த நூல் எத்தனை நாள் தாமதம் என்று முடிவு செய்கிறது. பழைய தேதிக்கு அறிக்கை வேண்டுமானால், அறிக்கைச் செயற்கூறு ஒரு லெட் கொண்டு அந்த மாறிக்குத் தற்காலிகமாக மார்ச் 31 என்று மதிப்பு கொடுத்து, அதற்குள் கணக்கீட்டை அழைக்கும். டெஃப்வார் கொண்டு அறிவிக்கப்பட்ட மாறி என்பதால் அந்தத் தற்காலிக மதிப்பு, அழைக்கப்படும் செயற்கூறுகளுக்கும் தெரியும். அதுதான் டைனமிக் பிணைப்பு. ஒரே கோப்பாக இருந்தபோது டெஃப்வார் மேலே இருந்தது, எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிரித்தபின் அறிக்கைக் கோப்பில் டெஃப்வார் இல்லை. அந்த மாறி சிறப்பு மாறி, அதாவது டைனமிக் பிணைப்பு பெறும் மாறி, என்பது கம்பைலருக்குத் தெரியாது. லெக்ஸிகல் பிணைப்பு இயங்கும் கோப்பில், தெரியாத பெயருக்கு லெட் எழுதினால் அது அந்த லெட்டின் எல்லைக்குள் மட்டும் வாழும் உள்ளூர் மாறியாகிவிடும். இன்னொரு கோப்பிலுள்ள கணக்கீட்டுச் செயற்கூற்றுக்கு அது தெரியாது. அது வழக்கம்போல உண்மையான இன்றைய தேதியையே எடுத்துக்கொள்ளும். இதற்குக் கம்பைலர் 'கட்டுறாத மாறி' என்று சொல்வதில்லை, ஏனென்றால் மாறி லெட்டால் கட்டப்பட்டுத்தான் இருக்கிறது. உள்ளூர் மாறியை யாரும் பயன்படுத்தவில்லை என்றால், 'பயன்படுத்தப்படாத லெக்ஸிகல் மாறி' என்று சொல்லும். அந்த வாசகம் ஏதோ சுத்தம் செய்யும் அறிவுரைபோல ஒலிக்கிறது. வேண்டாத மாறியை நீக்கிவிடுவோம் என்று கை போகும். இங்கே அந்த மாறிதான் செயற்கூற்றின் உயிர்.

இதைவிட ஒரு படி மோசமான வடிவமும் என் கோப்பிலேயே இருந்தது. மாத அறிக்கை, தலைப்பில் அந்தத் தேதியை அச்சிடுகிறது. லெட்டின் உடலுக்குள்ளேயே மாறி ஒரு முறை நேரடியாகப் படிக்கப்படுவதால், 'பயன்படுத்தப்படாத' என்ற எச்சரிக்கையும் எழுவதில்லை. கம்பைலர் முற்றிலும் அமைதி. அச்சான அறிக்கையின் தலைப்பில் மார்ச் 31 என்று இருக்கும். கீழே உள்ள பட்டியல் அச்சிட்ட நாளின் கணக்குப்படி இருக்கும். தாமத நாள்கள் எல்லாம் கூடுதலாக வந்திருக்கும், அபராதத் தொகையும் அப்படியே. தலைப்பைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

இன்னும் ஒன்று. அதே கோப்பைக் கம்பைல் செய்யாமல் நேரடியாக ஏற்றி ஓட்டினால் முடிவு சரியாக வரும். மொழிபெயர்க்காமல் ஓட்டும்போது லெட் நிறைவேறும் அந்தக் கணத்தில்தான் மாறி சிறப்பு மாறியா என்று பார்க்கப்படுகிறது, அதற்குள் அடிப்படைக் கோப்பு ஏறியிருக்கும். அதுபோலவே, அடிப்படைக் கோப்பு ஏறியிருக்கும் ஈமேக்ஸில் கம்பைல் செய்தால் சரியான பைட்கோடு கிடைக்கும். வெற்று ஈமேக்ஸில் கம்பைல் செய்தால் தவறான பைட்கோடு கிடைக்கும். ஒரே மூலக் கோப்பிலிருந்து, கம்பைல் செய்த சூழலைப் பொறுத்து, பொருள் வேறுபட்ட இரண்டு பைட்கோடுகள். நேட்டிவ் கம்பைலர் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பார்த்தால், எழுதியவரிடம் சரியாக ஓடி, பயன்படுத்துபவரிடம் தவறாக ஓடும் நிரல் எப்படிப் பிறக்கிறது என்பது விளங்கும்.

தீர்வு எளிது: அறிக்கைக் கோப்பு அடிப்படைக் கோப்பை ரிக்வயர் செய்ய வேண்டும். ரிக்வயர் செய்ய முடியாத, அல்லது செய்ய விரும்பாத இடங்களில், டெஃப்வார் என்று எழுதிப் பெயரை மட்டும் குறிப்பிட்டு, மதிப்பு எதுவும் தராமல் விடலாம். அந்த வடிவம் மாறிக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. 'இது எங்கோ வரையறுக்கப்பட்ட சிறப்பு மாறி' என்ற செய்தியை அந்தக் கோப்பின் எல்லைவரை கம்பைலருக்குத் தருகிறது. எச்சரிக்கையை அடக்கும் தந்திரமாக மட்டும் இதைப் பலர் பார்க்கிறார்கள். உண்மையில் லெட்டின் பொருளையே மாற்றும் அறிவிப்பு இது. எச்சரிக்கை வராத இடங்களுக்கும் இது தேவைப்படும் என்பதால், கம்பைலரின் பட்டியலோடு நிற்காமல், அடிப்படைக் கோப்பிலுள்ள ஒவ்வொரு டெஃப்வார் பெயரையும் மற்ற கோப்புகளின் லெட்களில் தேடிப் பார்த்தேன். இந்தப் பிரிப்பு வேலையில் கையால் செய்தே ஆக வேண்டிய பகுதி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மேக்ரோக்கள் விட்டுப்போனால் வரும் எச்சரிக்கைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. சேமிப்புக் கோப்பில், பதிவேட்டைத் திறந்து அதற்கு 'ஏடு' என்ற உள்ளூர்ப் பெயரைக் கொடுத்து, உள்ளே உள்ள வேலைகளைச் செய்து, மூடிவிடும் ஒரு மேக்ரோ இருக்கிறது. திரைக் கோப்பு சேமிப்புக் கோப்பைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தியபோது, மேக்ரோவின் பெயர் தெரியாத செயற்கூறாக வந்தது. கூடவே 'ஏடு' என்பதும் தெரியாத செயற்கூறாக வந்தது, உடலில் வந்த அதே பெயர் கட்டுறாத மாறியாகவும் வந்தது. மேக்ரோ என்று தெரியாததால், அடைப்புக்குள் பெயரும் கோப்புப் பாதையுமாக இருந்த பகுதியைக் கம்பைலர் ஒரு செயற்கூறு அழைப்பாகவே படித்திருக்கிறது. உள்ளூர் மாறியாக நாம் அறிந்த ஒரு பெயர், செயற்கூறு என்ற பட்டியலில் தோன்றினால், அங்கே ஒரு மேக்ரோ விடுபட்டிருக்கிறது என்று உடனே முடிவு செய்துவிடலாம்.

இந்த இடத்தில், 'ஓடும் நேரத்தில் எப்படியும் ஏறிவிடும்' என்ற சமாதானம் செல்லாது. மேக்ரோ விரிய வேண்டிய நேரம் கம்பைல் நேரம், அது கடந்துவிட்டது. ஓடும்போது பிழை எழும் என்பது நிச்சயம், ஆனால் எப்போது எழும் என்பதுதான் கவலைக்குரியது. செயற்கூறு அழைப்பில் முதலில் மதிப்பிடப்படுபவை அதன் உள்ளீடுகள். பதிவேட்டைப் பூட்டி, உள்ளே உள்ள வேலையைச் செய்து, பூட்டைத் திறக்கும் இன்னொரு மேக்ரோ என்னிடம் இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பட்டியல் ஏதும் இல்லை, உடல் மட்டும்தான். அது செயற்கூறாகக் கம்பைல் ஆனால், உடல் முழுவதும் உள்ளீடாக முதலில் நிறைவேறிவிடும். அதாவது பூட்டு போடாமலே பதிவேட்டில் எழுதி முடித்துவிட்டு, அதன்பின்தான் 'தகாத செயற்கூறு' என்ற பிழை வரும். பிழைச் செய்தியைப் பார்ப்பவர் வேலை நடக்கவில்லை என்று எண்ணி மறுபடியும் கட்டளை கொடுத்தால், ஒரே இரவல் இருமுறை பதிவாகும். செயற்கூறு தெரியவில்லை என்ற ஒரே வாசகத்தின் பின்னால், ஒன்றும் ஆகாத இடமும் இப்படிப்பட்ட இடமும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கின்றன.

கட்டமைப்புகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. சிஎல்-டெஃப்ஸ்ட்ரக்ட் கொண்டு வரையறுத்த 'இரவல்' கட்டமைப்பின் திரும்பிய தேதிப் புலத்தை, செட்எஃப் கொண்டு திரைக் கோப்பு மாற்றுகிறது. கட்டமைப்பு கம்பைல் நேரத்தில் தெரியாவிட்டால் புலத்தைப் படிப்பது சாதாரணச் செயற்கூறு அழைப்பு; அடிப்படைக் கோப்பு ஓடும் நேரத்தில் ஏறியிருந்தால் போதும். ஆனால் செட்எஃப் ஒரு மேக்ரோ. அந்தப் புலம் எங்கே இருக்கிறது என்று கம்பைல் நேரத்தில் தெரிந்தால்தான் சரியாக விரியும். தெரியாவிட்டால், பெயருக்கு முன்னால் செட்எஃப் என்ற சொல்லையும் சேர்த்து, அடைப்போடு கூடிய ஒரு விநோதமான பெயருள்ள செயற்கூற்றை அழைக்கும்படி விரிந்துவிடும். அப்படி ஒரு செயற்கூறு எங்கும் கிடையாது. பின்னால் அடிப்படைக் கோப்பு ஏறினாலும் தோன்றப்போவதில்லை. எச்சரிக்கையில் அந்த அடைப்புப் பெயரைக் கண்டால், கட்டமைப்பின் கோப்பு கம்பைல் நேரத்தில் ஏறவில்லை என்று பொருள்.

ரிக்வயர்களை நிரப்பிக்கொண்டு வந்தபோது, எதிர்பார்த்தபடியே வட்டச் சார்பு வந்து நின்றது. திரைக் கோப்பு சேமிப்பை அழைக்கிறது. சேமிப்புக் கோப்போ, எழுதி முடித்தவுடன் திரையைப் புதுப்பிக்கும் செயற்கூற்றை அழைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ரிக்வயர் செய்தால், ப்ரொவைட் வரியை எட்டுவதற்கு முன்பே ஒன்றை ஒன்று மறுபடி ஏற்றத் தொடங்கி, தன்னையே திரும்ப அழைக்கும் ரிக்வயர் என்ற பிழையோடு ஈமேக்ஸ் நிறுத்திவிடும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு டிக்ளேர்-ஃபங்ஷன். இந்தச் செயற்கூறு இன்ன கோப்பில் இருக்கிறது, இன்னின்ன உள்ளீடுகளை ஏற்கும் என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுப்பது அது, எதையும் ஏற்றுவதில்லை. ஓடும் நேரத்தில் அந்தச் செயற்கூறு இருக்கும் என்பதற்கு நாமே பொறுப்பு.

சேமிப்புக் கோப்பில் நான் அதை எழுதவில்லை. வட்டில் எழுதும் பகுதிக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. அங்கே தோன்றிய எச்சரிக்கை, வடிவமைப்பில் இருந்த ஒரு தலைகீழ் இணைப்பைத்தான் காட்டிக்கொடுத்தது. ஆகவே அடிப்படைக் கோப்பில் 'சேமித்தபின்' என்று ஒரு கொக்கி மாறியை வரையறுத்தேன். சேமிப்புக் கோப்பு வேலை முடிந்ததும் அந்தக் கொக்கியில் மாட்டப்பட்ட செயற்கூறுகளை ஓட்டுகிறது. திரைக் கோப்பு ஏறும்போது தன் புதுப்பிக்கும் செயற்கூற்றை அதில் மாட்டிக்கொள்கிறது. வட்டம் அறுந்தது. திரை இல்லாமல் பேட்ச் முறையில் சேமிப்பை மட்டும் சோதிப்பதும் இதனால் கைகூடியது.

டிக்ளேர்-ஃபங்ஷன் உண்மையாகவே பொருந்திய இடம், ஈமேக்ஸோடு வரும் ஆர்க் என்ற குறிப்பு வடிவ ஆவணமாக அறிக்கையை ஏற்றுமதி செய்யும் பகுதி. ஆர்க் பெரிய நூலகம். பதிவேட்டைத் திறப்பதற்கெல்லாம் அதை ஏற்றினால் தொடக்கம் மந்தமாகும். ஆகவே ஏற்றுமதிச் செயற்கூற்றின் உடலுக்குள் ரிக்வயரும், கோப்பின் தலையில் அங்கே அழைக்கப்படும் ஆர்க் செயற்கூறுகளுக்கு டிக்ளேர்-ஃபங்ஷன் வரிகளும், அங்கே லெட்டால் மதிப்பு மாற்றப்படும் ஆர்க் மாறிகளுக்கு மதிப்பில்லாத டெஃப்வார் வரிகளும் எழுதினேன். மூன்றாவதை விட்டால், தேதி மாறியில் நடந்த அதே கதை ஆர்க் மாறியிலும் நடக்கும். இந்த அறிவிப்புகளுக்கு ஒரு குறை உண்டு: மூலத்தில் செயற்கூற்றின் பெயரோ உள்ளீடுகளோ மாறினாலும், பழைய வாக்கை நம்பிக் கம்பைலர் அமைதியாகவே இருக்கும். செக்-டிக்ளேர்-டைரக்டரி என்ற கட்டளை, அடைவிலுள்ள ஒவ்வொரு அறிவிப்பையும் எடுத்து, சொல்லப்பட்ட கோப்பில் அந்த வரையறை உண்மையில் இருக்கிறதா, உள்ளீடுகள் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கிறது. அறிவிப்பு எழுதுபவர்கள் அதையும் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

புதிய கோப்புகளின் முதல் வரியில் லெக்ஸிகல் பிணைப்புக்கான குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது சிறிய வேலைதான், ஆனால் தவறவிடக் கூடாதது. பழைய கோப்பின் தலையில் இருந்த அந்த வரி, வெட்டி ஒட்டும்போது கூட வருவதில்லை. அது இல்லாத கோப்பு முழுவதும் டைனமிக் பிணைப்பில் கம்பைல் ஆகும். வெளியிலுள்ள மாறியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய லாம்டாக்கள் (பெயரில்லாச் செயற்கூறுகள்), பின்னர் அழைக்கப்படும்போது மாறிக்கு மதிப்பில்லை என்று விழும். 2025-இல் வந்த ஈமேக்ஸ் 30-இன் கம்பைலர் இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எச்சரிக்கிறது. அதற்கு முந்தையவை சொல்வதில்லை.

பிரித்தபின் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆபத்து, பழைய பைட்கோடு. ஒரே கோப்பாக இருந்தபோது எல்லாம் ஒன்றாகவே கம்பைல் ஆயின. இப்போது அடிப்படைக் கோப்பிலுள்ள ஒரு மேக்ரோவையோ கட்டமைப்பையோ மாற்றினால், அதை விரித்து வைத்துக்கொண்டிருக்கும் மற்றக் கோப்புகளின் பைட்கோடு பழையதாகவே நிற்கும். கம்பைல் நேரத்தில் கட்டமைப்பு தெரிந்திருப்பதால், அதன் புலங்களைப் படிக்கும் செயற்கூறுகள் அழைப்பாக இல்லாமல், 'இத்தனையாவது இடத்தில் உள்ளதை எடு' என்ற நேரடிக் கட்டளையாகவே பதிந்துவிடுகின்றன. புலங்களின் நடுவே ஒரு புதிய புலத்தைச் செருகினால், பழைய பைட்கோடு ஓரிடம் தள்ளிப் படிக்கும். கட்டமைப்பின் பெயர் மாறாததால் வகைச் சோதனையும் அதைப் பிடிக்காது. தவணைத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் உறுப்பினர் எண் வந்து நிற்கும். இதற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. ஆகவே, எது மாறினால் எதை மறுபடி கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக் கோப்பில், அடிப்படைக் கோப்பு மாறினால் மற்ற நான்கும் கட்டாயம் மறுபடி கம்பைல் ஆகும்படி சார்புகளை எழுதினேன். லோட்-ப்ரிஃபர்-நியூவர் மாறியையும் இயக்கி வைத்தேன். இயல்பாக ஈமேக்ஸ், மூலக் கோப்பு புதியதாக இருந்தாலும் பழைய பைட்கோட்டையே ஏற்றும். கம்பைல் நேரத்து ரிக்வயருக்கும் அதே விதிதான். அதை இயக்காவிட்டால், சற்றுமுன் எழுதிய மேக்ரோவைக் கம்பைலர் தெரியாது என்று சொல்வதைக் கண்டு திகைக்க நேரும்.

ஓர் இடம் தவிர, எச்சரிக்கையை அடக்கும் கருவிகளைக் கடைசிவரை தொடவில்லை. பதிப்புக்குப் பதிப்பு மாறும் செயற்கூறுகளுக்கு அவை தேவையும் இல்லை. 2023-இன் ஈமேக்ஸ் 29-இல் சேர்ந்த ஒரு செயற்கூற்றை, எஃப்பவுண்ட்பி கொண்டு இருக்கிறதா என்று ஓர் இஃப்பில் கேட்டுவிட்டு அதன் கிளைக்குள் அழைத்தால், கம்பைலர் அந்தக் காப்பைப் புரிந்துகொண்டு எச்சரிக்காமல் விடுகிறது. கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட ஒரு பழைய செயற்கூற்றை மட்டும், பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்காக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே வித்-சப்ரஸ்டு-வார்னிங்ஸ் பயன்படுத்தினேன். 2020-இன் ஈமேக்ஸ் 27 முதல் உள்ள இந்த மேக்ரோ, எந்த வகை எச்சரிக்கை, எந்தப் பெயர் குறித்து என்று குறிப்பாகக் கேட்கிறது. அந்த ஒன்றைத் தவிர மற்றவை வழக்கம்போல வரும். உள்ளே உள்ள எல்லாவற்றையும் விழுங்கிவிடும் வித்-நோ-வார்னிங்ஸ் அந்த இடத்தில் இருந்திருந்தால், பின்னாளில் அதே வரியில் எழும் வேறொரு பிழையும் அதோடு போய்விடும்.

இப்போது ஐந்து கோப்புகளும் தனித்தனி ஈமேக்ஸில், எச்சரிக்கை வந்தாலே பிழையாகக் கொண்டு நிறுத்தும் அமைப்போடு, 28, 29, 30 ஆகிய மூன்று பதிப்புகளிலும் கம்பைல் ஆகின்றன. அதன்பின் அறிவிப்புச் சரிபார்ப்பு ஓடுகிறது. அதற்கும் பின்னால் ஒரு சோதனையைச் சேர்த்திருக்கிறேன்: வெற்று ஈமேக்ஸில் கம்பைல் ஆன பைட்கோட்டை மட்டும் ஏற்றி, மார்ச் 31-க்கான அறிக்கையை எடுத்து, தலைப்பிலுள்ள தேதியையும் பட்டியலின் முதல் வரியிலுள்ள தாமத நாள்களையும் ஒப்பிடுகிறது. கம்பைலர் வாய் திறக்காத அந்த ஒரு வகைப் பிழைக்காகவே எழுதியது அது. அடுத்து, தேதியைப் பொது மாறியாக வைக்காமல் கணக்கீட்டுச் செயற்கூற்றுக்கே உள்ளீடாகக் கொடுக்கும்படி மாற்றத் தொடங்கியிருக்கிறேன். அறிக்கைக் கோப்பில் அந்த மாற்றம் முடிந்துவிட்டது, திரைக் கோப்பில் இன்னும் சில அழைப்புகள் பாக்கி இருக்கின்றன.